பின்னந்தலையோடு ஒரு கப்பல் பயணம்

என் அக்கா மனதைப் பறிகொடுத்தது ஒரு பின்னந்தலையிடம். முகத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு, குரலைக் கேட்டு மயங்குகிறவர்கள் உண்டு. இவள் டவுன் பஸ்ஸில் டிரைவருக்குக் கொஞ்சம் பின்னால், எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, சீராக வெட்டிய முடியையும் காலரில் ஒரு பொட்டு அழுக்கில்லாத சட்டையையும் பார்த்துவிட்டு, "கட்டினா இவரைத்தான்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். "மூஞ்சியைப் பார்த்தியாடி?" என்று அம்மா கேட்டாள். "இறங்கும்போது பார்த்தேன், பரவாயில்ல" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் என் மாமா.

டிப்போவில் மாமாவுக்கு 'ஸ்டெடி' என்று பெயர். அவர் ஓட்டும் வண்டியில் நின்றுகொண்டே ஊசியில் நூல் கோக்கலாம் என்பார்கள். மிகையே இல்லை. அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். மிச்சமான சட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்து, மறுநாள் காலை மாமாவின் பஸ்ஸிலேயே, அதே ஜன்னலோர சீட்டில் குனிந்து உட்கார்ந்து பட்டன் தைத்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னாலும் அதே பஸ், பின்னாலும் அதே பஸ். ஊசி ஒருநாளும் விரலில் குத்தியதில்லை.

மாமாவிடம் குறை என்று பார்த்தால் கண்டக்டர்கள் ஒன்றைத்தான் சொல்வார்கள். காலையில் சீட்டில் ஏறியதும் தலைக்கு மேலே இருக்கும் உள்கண்ணாடியை அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, துணியால் துடைத்து, ஒரு பாடு படுத்திவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். வழியில் மறுபடி ஒரு தொடு. "ஸ்டெடிக்கு மீசை மேல அவ்வளவு பாசம்" என்று கிண்டல் செய்வார்கள். நாங்களும் நம்பினோம். மீசையும் அப்படி ஒன்றும் சாதாரணமானது இல்லை.

இன்னொரு குறை இருந்தது. அது வீட்டுக்கு மட்டும் தெரியும். ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு, அடுத்தவர் ஓட்டுகிற எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி வந்துவிடும். கார், ஆட்டோ, ரயில், எதுவும் விலக்கில்லை. என் கல்யாணத்துக்குக் குடும்பமே வேனில் போனது. கொஞ்ச தூரம் போவதற்குள் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் வேனை மாமாவே ஓட்டினார், வேன் டிரைவர் காலை நீட்டிப் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தான். வாடகை மட்டும் குறைக்கவில்லை, அது வேறு கதை.

சரி, சொந்தமாகக் கார் வாங்கினால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பகல் பூரா ஸ்டீயரிங், ராத்திரியும் ஸ்டீயரிங்கா? ஆளை விடு, சின்னவளே" என்றார் மாமா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆக, தாலி கட்டியவரோடு அக்கா ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள், ஆனால் ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை. அவர் முன்னால், இவள் பின்னால். நடுவில் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று ஒரு பலகை.

மாமா ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் மாலை போட்டார்கள், இனிப்பு கொடுத்தார்கள். வண்டியை விட்டு இறங்கும் முன் மாமா அந்த உள்கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு இறங்கினார். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "எனக்கு ஒரே ஒரு ஆசை இருக்குடி. அவர் என் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை எங்கேயாவது வரணும். பேசிக்கிட்டே வரணும். அவ்வளவுதான்."

"எதுல வருவார்? பறந்தா?"

"கப்பல்ல" என்றாள். நன்றாக யோசித்து வைத்திருக்கிறாள் கள்ளி! "கப்பல்ல ஸ்டீயரிங் எங்க இருக்குன்னே தெரியாது. எங்க போய்ப் பிடுங்குவார்?"

"ரயில்லயும்தான் தெரியாது. அங்க என்ன ஆச்சு?"

"ரயில் குலுங்கும். கப்பல் மிதக்கும்."

பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்து, வலியில் வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது என் தொழில். எனவே டிக்கெட் போடும் வேலை என் தலையில்தான் விழுந்தது. நீங்களும் என்றைக்காவது போவீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். உல்லாசக் கப்பலில் அறை எடுக்கும்போது பால்கனி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அறை கப்பலின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நடுவில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு. முன்கோடியிலும் பின்கோடியிலும் உயரத்திலும் எடுத்தால் ஊஞ்சல்தான். மாமாவுக்காக நடுவிலும் நடுவாக ஓர் அறை பிடித்தேன், பக்கத்திலேயே எனக்கு ஜன்னலில்லாத ஒரு பொந்து. "நீயும் வா, அவரை நான் பார்த்துப்பேன், என்னை யார் பார்த்துக்கறது?" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

டாக்டரிடம் கேட்டு வாந்தி மயக்கத்துக்கு மாத்திரை வாங்கினோம். கப்பல் கிளம்புவதற்கு முன்பே விழுங்கிவிட வேண்டும், தலைசுற்ற ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா அதை ஒரு கைப்பையில் போட்டு, கூடவே மாற்றுச் சேலை, சீப்பு, கண்ணாடிக்கூடு எல்லாம் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வழக்கம்போல வேனை மாமாவே ஓட்டி, துறைமுகம் வந்து சேர்ந்தோம். இதுவரைக்கும் சரி.

துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். பெரிய பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, கைப்பையோடு நாம் ஏற வேண்டும். பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். நான் கடவுச்சீட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் மாமாவுக்குள் இருந்த டிரைவர் விழித்துக்கொண்டார். பஸ்ஸில் மூட்டை முடிச்சோடு ஏறி நடைபாதையை அடைக்கிறவர்களோடு வாழ்நாள் பூராவும் மல்லுக்கு நின்றவர் அல்லவா! அக்காவின் தோளிலிருந்து பையைக் கழற்றி, "வழியில மூட்டை இருக்கக்கூடாது, அடுத்தவங்க எப்படிப் போவாங்க?" என்று அதையும் பெட்டிகளோடு போட்டுவிட்டார். என் கைப்பையை நான் இறுக்கிப் பிடித்திருந்ததால் தப்பித்தது. கையை வீசிக்கொண்டு, வழிவிட்டு வழிவிட்டு, பெருமையாக ஏறினார்.

"மாத்திரை எங்கக்கா?"

அக்கா கப்பலின் வயிற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று ஏறியதும் ஒரு பயிற்சி நடக்கும். பலர் ஐஸ்கிரீம் கையோடு சலித்துக்கொண்டு வந்தார்கள். மாமா மட்டும் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நின்று கேட்டார். உயிர் காக்கும் சட்டையின் வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "தையல் எப்படி?" என்று அக்காவிடம் காட்டினார். அக்கா புரட்டிப் பார்த்து, "பலமாத்தான் தைச்சிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

கரை விலகியதும் மாமா படுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை விவரித்தால் உங்களுக்கும் குமட்டும். அறையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண், எங்கள் வயது இருக்கும், எட்டிப் பார்த்துவிட்டுப் போய், ஒரு தட்டில் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். மெதுவாகக் கடித்துத் தின்னச் சொன்னாள். எழுந்து நிற்க முடிந்தால் மேலே போய்த் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொன்னாள். புளிப்பு ஆப்பிள் கொஞ்சம் கேட்டது. நீங்கள் போகும்போது அதையும் நினைவில் வையுங்கள், கப்பலில் கேட்டாலே கொடுப்பார்கள்.

மறுநாள் காலை அறையில் மாமாவைக் காணவில்லை. அக்காவுக்கு உயிரே போய்விட்டது. கப்பலில் நடைக்கூடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், சொந்த அறையையே கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் கதவில் ஒட்டக் காந்த பொம்மை கொண்டு போங்கள் என்கிறேன், கதவெல்லாம் இரும்பு, நன்றாக ஒட்டும். நாங்கள் இருவரும் மாடி மாடியாக ஏறித் தேடினோம். கடைசியில் மேல்தளத்தில், கப்பலின் முன்முனையில், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி ஜன்னல் போட்ட ஒரு கூடம். நடுநாயகமாக ஒரு நாற்காலி. அதில் சீராக வெட்டிய ஒரு பின்னந்தலை.

"வாங்க வாங்க" என்றார் மாமா, திரும்பாமலே. முகத்தில் தெளிவு வந்திருந்தது. "இங்க உக்காந்தா ஒண்ணும் செய்யல. ரோடு நேரா தெரியுது பாரு."

ரோடாம்! அவருடைய வலது கால் தரையில் மெதுவாக அழுந்தி எழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு தெரிந்ததும் கால் பிரேக் பிடித்தது. கப்பலைப் பாதுகாப்பாக ஓட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

அக்கா ஆசையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னங்க, தண்ணி எவ்வளவு நீலமா இருக்கு பாருங்க" என்றாள். "ம்" என்றார். "நம்ம வீட்டுக் குழாயை மூடினோமா?" என்றாள். "ம்" என்றார். மூன்றாவதாக ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "பேசாம வாம்மா" என்றார் மாமா, பஸ்ஸில் சொல்கிற அதே குரலில். தான் சொன்னது அவருக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். அக்கா எழுந்து, பின்னால் தேநீர் கொடுக்கும் இடத்தில், ஓரமாக இருந்த ஒரு மேசையில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து ஊசி நூலை எடுத்து மாமாவின் சட்டைக்குப் பட்டன் தைக்க ஆரம்பித்தாள்.

அன்றும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. விடிந்ததும் மாமா அங்கே போய்விடுவார். சாப்பாடு வந்தால் அங்கேயே ஒரு ரொட்டி. நான் நீச்சல் குளத்தைப் பார்த்தேன், பாட்டுக் கச்சேரி கேட்டேன், முதல் நாள் கூட்டம் முண்டியடிக்கும் பெரிய சாப்பாட்டுக் கூடத்தை விட்டுவிட்டு, உட்கார வைத்துப் பரிமாறும் உணவகத்துக்குப் போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பதையும் கண்டுபிடித்தேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. திரும்பிப் போனால் அங்கே அவர் முன்னால், இவள் பின்னால். ஊரில் பலகை வைத்துப் பிரித்தார்கள், இங்கே பலகைகூட இல்லை.

நடுவில் ஒரு துறைமுகத்தில் இறங்கினோம். சுற்றிக் காட்டப் பஸ் நின்றது. மாமா அதன் டயரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நடந்தே போயிடலாம்" என்றார். சரி, நடக்கும்போதாவது பக்கத்தில் வருவார் என்று பார்த்தால், "வழியைப் பார்த்துக்கிட்டு முன்னால போறேன்" என்று விறுவிறுவென்று போனார். கடைத்தெருவிலும் அக்காவுக்குக் கிடைத்தது பின்னந்தலைதான். ஒன்று சொல்ல வேண்டும், கப்பலின் நேரம் ஒன்று, கரையின் நேரம் ஒன்றாக இருக்கும், கைப்பேசி தானாக மாறிக்கொண்டு நம்மைக் கவிழ்த்துவிடும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. அந்தக் கவலையே எங்களுக்கு வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் எங்களைக் கொண்டுவந்து ஏணிப்படியில் நிறுத்திவிட்டார். ஓடி வருகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்று கேட்டதும், "அது என்ன மனுஷத்தன்மை?" என்று கப்பல் சிப்பந்தியிடம் கோபித்துக்கொண்டார்.

அன்று மாலை எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு விருந்துக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு என்று நான் முன்கூட்டியே சொல்லி, கப்பலின் பின்முனையில், ஜன்னலை ஒட்டி ஒரு மேசை பிடித்திருந்தேன். எதிரெதிர் நாற்காலி இல்லை. ஜன்னலைப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டே நாற்காலிகள். அக்கா புதுச் சேலை கட்டி, காதில் தோடு மாற்றி, மாமாவின் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தாள். இளம்பெண் போலத் தவித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான் அடுத்த மேசையில் தனியாக இருந்தேன்.

தெம்பாகிவிட்டோம் என்று மாத்திரையும் போடாமல் மாமாவும் வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். கப்பல் கிழித்துக்கொண்டு வந்த தண்ணீர் வெள்ளையாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற வண்டியில் பின்னால் பார்த்து உட்கார்ந்தால் நல்ல வயிறே கலங்கும், இவர் வயிற்றைக் கேட்க வேண்டுமா? சூப் வருவதற்குள் முகம் வெளுத்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டார்.

இரண்டு கிண்ணம் சூப்பை வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா ஒன்றைக் குடித்தாள். இன்னொன்று ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், "விடுடி. அவர் முதுகைப் பார்த்தே பழகிடுச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை எனக்கு வந்ததே கோபம்! நேராக அந்தக் கண்ணாடிக் கூடத்துக்குப் போய், மாமாவுக்கும் கடலுக்கும் நடுவில் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளு, சின்னவளே. மறைக்குது."

"மறைக்கட்டும். கப்பல் முட்டாது. ஓட்டறதுக்கு வேற ஆள் இருக்கான். அக்கா எதுக்கு இந்தக் கப்பல்ல வந்தான்னு தெரியுமா உங்களுக்கு?"

"கடல் பார்க்க."

"கடலா? அவ கடலைக் கேட்டாளா? நீங்க பக்கத்துல உக்காந்து வரணும், அது ஒண்ணுதான் கேட்டா. கல்யாணம் ஆனதுலேருந்து உங்க முதுகைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கா! உங்களுக்கு அவ நினைப்பே இல்லையா மாமா?" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாமா கோபப்படவில்லை. நான் என்னமோ தெரியாத பாஷையில் பேசிய மாதிரி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"முதுகா?" என்றார். "நான் அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதானே ஓட்டினேன்?"

"என்னது?"

"உள்கண்ணாடிதான். அவ ஏறும்போது எங்க உக்காருவான்னு தெரியும். டிப்போவிலேயே அந்த சீட்டுக்கு நேரா திருப்பி வச்சிடுவேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் ஒரு தடவை மேல பார்ப்பேன். பட்டன் தைப்பா. நூலைப் பல்லால கடிப்பா. ஒருநாள் காய்ச்சலோட வந்தா, அன்னைக்கு ஒரு பள்ளத்துல விடல வண்டியை. அவ வேலையை விட்டு நின்ன அப்புறமும் அதே சீட்டுக்குத்தான் வச்சிருந்தேன், பழக்கம். கூடவே வந்துக்கிட்டு இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. அவளுக்கு அப்படி இல்லையா?"

ஊரெல்லாம் மீசைப் பாசம் என்று கிண்டல் செய்தது இதைத்தானா!

"இங்கயும் அப்படித்தான்" என்று அவர் ஜன்னலைக் காட்டினார். "சாயங்காலம் இருட்டி உள்ள விளக்கு போட்டதும், இந்தக் கண்ணாடியிலேயே பின்னால அந்த டீ மேசை தெரியும். அவ அங்க உக்காந்திருக்கறது தெரியும். பகல்லதான் தெரியாது. பகல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்துவிட்டேன். அக்கா, கையில் இஞ்சி போட்ட தேநீரோடு. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை.

மாமா திரும்பினார். கப்பலேறியதிலிருந்து அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகத் திரும்பியது அப்போதுதான்.

"ஏன் சொல்லல?" என்றாள் அக்கா.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தா நானும் தெரிஞ்சிருப்பேன். குனிஞ்சே இருப்ப."

"ஆமா, நான் பட்டன் தைக்கறேன். நீங்க சொல்லியிருந்தா தூக்கியிருக்க மாட்டேனா? உங்களுக்கு நான் தெரிஞ்சேன், சரி. நல்லா இருந்திருக்கும். எனக்கு நீங்க தெரியலையே!" கண்ணில் தண்ணீர் நின்றது. தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். டீ மேசைக்குக்கூடப் போகவில்லை, நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமா அந்தத் தேநீரைக் குடிக்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பெரிய சரக்குக் கப்பல் குறுக்கே போனது. கால் பிரேக் பிடிக்கவில்லை.

"சின்னவளே" என்றார் கடைசியில். "அந்தப் பின்பக்க மேசை இன்னைக்குக் கிடைக்குமா?"

"வேண்டாம் மாமா. மறுபடியும் ஓடுவீங்க. அவளால தாங்க முடியாது."

"ஓட மாட்டேன். மாத்திரையை எப்பப் போடணும், சொல்லு."

அன்றுதான் கடைசி மாலை. இறங்குவதற்கு முந்தைய இரவே பெட்டிகளை நடைக்கூடத்தில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில் போய் வாங்கிக்கொள்ளலாம். மாமா பெரிய பெட்டிகளை எல்லாம் வெளியே வைத்தார். அக்காவின் கைப்பையை மட்டும் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பணிப்பெண் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு பச்சை ஆப்பிளைக் கையில் திணித்தாள். கடல் அமைதியாக இருக்கும் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார், நல்ல மனுஷன்.

அக்காவை நான்தான் இழுத்து வந்தேன். புதுச் சேலை இல்லை, தோடு மாற்றவில்லை. "எதுக்குடி சும்மா அவரைப் படுத்தறே?" என்று முனகிக்கொண்டே வந்தவள், அந்த மேசையில் மாமா ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். கைப்பை மடியில் இருந்தது. நாற்காலியின் கையை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"உக்காரு" என்றார்.

நான் அடுத்த மேசையில், காகிதப் பையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தண்ணீர் அதே மாதிரி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஆப்பிளைக் கடித்தார், கண்ணை மூடினார், திறந்தார். சூப் வந்தது. "போதுங்க, எழுந்திருங்க. உங்க வயித்தைக் கெடுத்துக்கிட்டு எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அக்கா. அவர் தலையை ஆட்டினார், வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. அக்கா தன் சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள். கையை எடுக்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீயரிங்கை விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"கம்பெனியில உன் பக்கத்து மெஷின்ல ஒரு அம்மா இருக்குமே, எப்பவும் சண்டை போடும்" என்றார் மெதுவாக. "அது இப்ப என்ன பண்ணுது?"

அக்கா இன்னொரு கையால் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! அந்த அம்மாவின் சண்டை, அவள் பேத்தி, பட்டன் துளை போடும் காஜா மெஷின் கெட்டுப்போன நாள், சூப்பர்வைசரின் வழுக்கை, இத்தனை வருஷம் டிரைவரோடு பேசக் கூடாது என்று அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. மாமா "ம்" போடவில்லை. "அப்புறம்?" என்று கேட்டார். சூப் போய்ச் சாப்பாடு வந்தது. காகிதப் பை என் மடியிலேயே இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இருட்டியது. ஓடிய தண்ணீர் மங்கி மறைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் விளக்குகளைப் போட்டார்கள். எதிரே இருந்த பெரிய ஜன்னலில் கடல் போய், உள்ளே இருப்பதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. மேசை, இரண்டு தட்டு, நரைத்த மீசை, அதன் பக்கத்தில் அக்கா.

அக்கா பேச்சை நிறுத்தினாள். குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

"தெரியறேனா?" என்று மாமா கேட்டார்.

"தெரியறீங்க" என்றாள் அக்கா.